பெடலில் தொங்கிய இருபது கிலோ

என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து ஒன்பதாவது வாரத்தில், அவர் தன் சைக்கிளைச் சந்தேகிக்க ஆரம்பித்தார். அதற்குள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். மாத்திரையின் நிறம் மாறிவிட்டது, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டை தளர்ந்துவிட்டது, நான் உப்பைக் குறைத்துவிட்டுக் குறைக்கவில்லை என்று பொய் சொல்கிறேன். உப்பு விஷயம் மட்டும் உண்மை.

சைக்கிள் என்றால் காய்கறி வாங்கப் பசாருக்குப் போகும் சைக்கிள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் உடம்போடு ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னும் நாலைந்து பேரோடு ஜொகூரில் எங்கள் ஊரான செனாயிலிருந்து கெலாங் பாத்தா வரை மிதித்துப் போய், அங்கே பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற ரகம். பெடலைத் தாங்கும் உலோகக் கையைக் கிராங்க் என்பார்கள். அவருடைய சைக்கிளில் இடது கிராங்கின் உட்புறம் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி ஒட்டியிருக்கும். அதுதான் பவர் மீட்டர். மிதிக்கும்போது அந்தக் கை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த வளைவை அளந்து, ஆள் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார் என்று வாட் கணக்கில் ஹேண்டில்பாரில் உள்ள சின்னத் திரையில் காட்டும். அதை வாங்கிய வருடம் எங்கள் வீட்டில் நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூறு என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. எண்கள் எனக்கு வேலையிடத்திலேயே வேண்டிய மட்டும் கிடைக்கின்றன.

விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் அளவுச் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். தராசு, வெப்பமானி, போல்ட்டை இத்தனை விசையோடுதான் முடுக்க வேண்டும் என்று சொல்லும் ரெஞ்ச், இவையெல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் பிழைப்பு. சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த சோதனைத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய அன்று உற்பத்திப் பிரிவில் எனக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடுவேன், ஏனென்றால் அது பொருத்தமான பெயர்தான். தேதி கடந்த ஸ்டிக்கர் உள்ள கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கூடத்துச் சட்டம். அந்தச் சட்டம் எனக்கு ரத்தத்தில் ஊறியது. பிறகு நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷனில் அவருடைய இடது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டினார்கள். நெஞ்சு எலும்பு கூடும்வரை வீட்டுக்குள்ளேயே நடை. எட்டாவது வாரம், மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண், வீட்டில் சைக்கிளைத் தாங்கியில் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம் என்று அனுமதித்தார். ஆனால் நூறு வாட்டுக்கு மேல் போகவே கூடாது. இவர் சாப்பிடும் மாத்திரை இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால் துடிப்பை எண்ணிப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாதாம். அதனால்தான் வாட் கணக்கு. நூறு வாட்டில் அரை மணி நேரம் மூச்சுவாங்காமல் மிதிக்க முடிந்தால் இதயம் தேறிவருகிறது என்று அர்த்தம். ஆறு வாரம் கழித்துப் பெரிய டாக்டரிடம் சோதனை. தேறினால் வேலைக்கும் திரும்பலாம், சாலைக்கும் திரும்பலாம். தேறாவிட்டால், ஒட்டிய குழாய் அடைத்திருக்கிறதா என்று மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகும்போது, அங்குள்ள நின்ற இடத்துச் சைக்கிளில் நூறு வாட்டை அவர் கதை பேசிக்கொண்டே மிதித்தார். பக்கத்தில் மிதித்த ஒரு சீனத் தாத்தாவிடம் டுரியான் பழ விலையைப் பற்றிச் சண்டைகூடப் போட்டார். வீட்டில், எங்கள் கார் போர்ச்சில், அதே நூறு வாட்டில் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே வாய் திறந்துவிட்டது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீட்டர் பொய் சொல்லுது," என்றார். "நான் நூத்து முப்பது மிதிக்கிறேன். இது நூறுன்னு காட்டுது. நீதான ஊருக்கெல்லாம் மெஷின் செக் பண்றவ. இத ஒரு தடவ பாரேன்."

"ஹாஸ்பிட்டல்ல சொல்லுங்க. மூச்சு வாங்குதுன்னு."

"சொன்னா மறுபடி படுக்க வெச்சிடுவாங்க. மொதல்ல மீட்டரப் பாரு. மத்தத அப்புறம் பேசலாம்."

அவர் குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் கருவியைச் சோதிக்கச் சொன்னதும் எனக்கு ஓர் ஆறுதல் வந்ததை மறைக்க முடியாது. நோயாளியோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கருவியோடு என்ன செய்வது என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் சொல்லி, கேட் பாஸ் எழுதி வாங்கி, பத்துக் கிலோ எடைக்கல் இரண்டையும் சில சின்னக் கற்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் கூடத்தின் எடைக்கற்கள் எஃகால் ஆனவை. வெறும் கையால் தொட்டால் வியர்வை ஒட்டி எடை மாறிவிடும் என்று கையுறை போட்டுத்தான் தூக்குவோம். சனிக்கிழமை காலை நான் வெள்ளைக் கையுறையோடு போர்ச்சில் நின்றதைப் பார்த்து, "நகைக் கடைல வேல கெடச்சிருச்சா?" என்று கேட்டார். அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். மீட்டர் தோற்கும் என்று உறுதியாக நம்பினார்.

செய்முறை எளிது. சைக்கிளைத் தாங்கியில் பூட்டி, பின்சக்கரம் உருளாமல் பிரேக்கை இறுக்கிக் கட்ட வேண்டும். மீட்டரைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். பிறகு இடது கிராங்க் தரைக்குச் சமமாக முன்னால் நீட்டியிருக்கும்படி ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெடல் அச்சில் எடையைத் தொங்கவிட வேண்டும். கிராங்கின் நீளமும் எடையும் தெரிந்தால் எவ்வளவு முறுக்குவிசை விழுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். மீட்டர் காட்டும் முறுக்குவிசையைக் கைபேசியில் பார்த்து ஒப்பிடலாம்.

நான் அதை எளிதாகச் செய்யவில்லை. எடையைக் கட்டிய நாடாவையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். நூற்றைம்பது கிராம். அதையும் சேர்த்துக்கொண்டேன். பூமி பொருள்களை இழுக்கும் விசை எல்லா ஊரிலும் ஒன்றில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஜொகூரில் அது கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்குகூட இருக்காது. அதற்கும் திருத்தம் போட்டேன். கிராங்கின் நீளத்தை அதில் பொறித்திருந்ததை நம்பாமல் நானே அளந்தேன். ஐந்து எடைகளை ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை. பெட்டி இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை என்பதால் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இருபது கிலோவுக்கு என் கணக்குப்படி முறுக்குவிசை முப்பத்து மூன்று புள்ளி ஐந்து நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். காட்டியது முப்பத்து மூன்று புள்ளி நான்கு. மற்ற எடைகளிலும் அப்படியே, மயிரிழை வித்தியாசம். என் கூடத்தில் பாதி ரெஞ்சுகள் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. என் வாயிலிருந்து என்னை அறியாமல், "அருமையான மீட்டர்," என்று வந்துவிட்டது.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தாச்சு."

"அப்ப ஹாஸ்பிட்டல் சைக்கிள்?"

அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை அந்த இயந்திரத்தின் பின்புறம் குனிந்து பார்த்திருந்தேன். எங்கே போனாலும் ஸ்டிக்கரைத் தேடுவது என் பழக்கம். மளிகைக் கடைத் தராசைக்கூட விடமாட்டேன். மருத்துவமனைச் சைக்கிளின் ஸ்டிக்கரில் எழுதியிருந்த தேதி கடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"அதுக்குத் தேதி முடிஞ்சிருச்சு," என்றேன். "அது கொறச்சு வேல வாங்கிட்டு நூறுன்னு காட்டுது போல. இதுதான் சரியான நூறு."

அவர் பெடலைப் பார்த்தார். எடைக்கல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப மீட்டர் சரி," என்றார். "நான்தான் சரியில்ல."

இல்லை என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. தெரியாததை நான் சொல்வதில்லை. வேலையிடத்தில் அது நல்ல குணம். கற்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, உள்ளே போய் அவருக்குச் பாலும் சீனியும் போடாத தே ஓ கலக்கினேன்.

மருத்துவமனையில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எப்படியும் சோதனை வரப்போகிறது, அதுவரை முயற்சி செய்கிறேன் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் அவர் சைக்கிளில் ஏறுவார். நான் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பேன். எண் தொண்ணூற்றைந்துக்கு இறங்கினால், "இன்னும் கொஞ்சம்," என்பேன். நூறுக்கு ஏறும். அவர் உதடு வெளுக்கும். பன்னிரண்டு நிமிடம், பதினாலு நிமிடம், ஒருநாள் பதினாறு. மறுநாள் மறுபடி பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனைச் சைக்கிள் அரை மணி நேரத்தைச் சுலபமாகக் கொடுத்தது. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நாங்கள் இருவரும் சிரித்துவைத்தோம். என் கணவர் அந்த இயந்திரத்தை நம்பவில்லை. நம்பாதே என்று சொன்னதே நான்தானே.

இரண்டாவது வாரம் அவர் எனக்கு வீட்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தண்ணீர் பம்ப் நின்றுபோனால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். தானாகத் திறக்கும் கேட் மழையில் சிக்கிக்கொண்டால் பின்னால் ஒரு சாவித் துவாரம் இருக்கிறது, அதைத் திருகினால் கையால் தள்ளலாம். காஸ் சிலிண்டரை மாற்றும்போது சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்க்க வேண்டும். காரின் டயர் காற்று எவ்வளவு. எல்லாவற்றையும் அவரே செய்துவந்தார், நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, நானே செய்து காட்டும்வரை விடமாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பம்ப் பாடம் முடிந்த அன்று, "பரவால்ல, கத்துக்கிட்ட," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் காலணியை வாசலில் குறுக்கே போட்டால் குனிந்து எடுத்து அடுக்கில் வைத்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் எடுத்துக் காயப்போட்டேன். சாம்பார் உப்பில்லாமல் கிடக்கிறது என்று தட்டைத் தள்ளினால், சரி என்று கொஞ்சம் உப்புப் போட்டேன். உண்மையாகவே போட்டேன். தொலைக்காட்சியில் ஒரே பழைய படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தபோது கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலையில் இருக்கிறார்கள். போனில் அப்பா எப்படி என்று கேட்டால், பரவாயில்லை என்றேன். குளிக்கப் போகும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். மூன்று நிமிடத்துக்கு மேல் அழுவதில்லை, பம்ப் சத்தம் அவருக்குக் கேட்கும். அவர் போய்விடுவார் என்று நான் நம்பிவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானே என் கையால் சோதித்த எண் அது. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலாவது வாரம் வியாழக்கிழமை, கிடங்குப் பிரிவிலிருந்து ஒரு பெரிய மேடைத் தராசு சோதனைக்கு வந்தது. அதன் நாலு மூலையிலும் அடியில் ஓர் உணரி உண்டு. இந்த வகைத் தராசை நடுவில் எடை வைத்துப் பார்த்துவிட்டு விடமாட்டோம். எடையை நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி வைப்போம். நடுவில் ஐம்பது கிலோவைச் சரியாகக் காட்டும் தராசு, ஒரு மூலையில் வைத்தால் நாற்பத்தெட்டு என்று சொல்லும். மூலைச் சோதனை என்று அதற்குப் பெயர். சுமை எங்கே விழுந்தாலும் ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்பது. வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் கற்றுக்கொடுக்கும் சோதனை.

மூன்றாவது மூலையில் எடையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சைக்கிளில் நான் ஒரு பக்கம்தான் எடை தொங்கவிட்டேன். வலது கிராங்கில் பெட்டியே இல்லை. அப்படியானால் வலது காலின் உழைப்பை அந்த மீட்டர் எப்படிக் காட்டுகிறது? காட்டவில்லை. இடது காலை அளந்து, வலது காலும் அதே அளவு உழைக்கும் என்று தானே வைத்துக்கொண்டு, இரண்டால் பெருக்கிவிடுகிறது. இரண்டு காலும் சமமாக இருந்த காலத்தில் அது சரியாக வந்தது. இப்போது அவர் இடது காலைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கிழித்துக் குழாயை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கால் நோஞ்சானாகக் கிடக்கிறது. வலது கால் அதன் பங்கையும் சேர்த்து மிதிக்கிறது. மீட்டருக்கு அது தெரியாது.

அதாவது, மீட்டர் நூறு என்று காட்டும்போது அவர் நூறில் இல்லை. நூறைத் தாண்டி எங்கேயோ இருந்தார். போகவே கூடாது என்று சொன்ன எல்லைக்கு மேலே, புதிதாகத் தைத்த இதயத்தோடு, நாலு வாரமாக. நான் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரட்டியிருக்கிறேன். மேலாளர் என்னவோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை. வெளியே போய் அவருக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு சைக்கிள்ல ஏறாதீங்க," என்றேன்.

"சரி," என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து மருத்துவமனைப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மலாயில் ஆரம்பித்து, பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, கடைசியில் என்ன மொழியில் பேசினேன் என்று எனக்கே தெரியாது. அவர் திட்டவில்லை. மறுநாள் காலையே வரச் சொன்னார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், டாக்டர் ஒருவர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுப் பார்த்தார். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பெண் நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது கால் இரண்டு சென்டிமீட்டர் சூம்பியிருந்தது. பாதத்தைத் தொட்டால் பாதி இடத்தில் உணர்ச்சி இல்லை. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

"எல்லாரும் நெஞ்சத்தான் கேட்டாங்க," என்று என் கணவர் என்னிடம் தமிழில் சொன்னார். "காலப் பத்தி யாரும் கேக்கல." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

தேதி கடந்த ஸ்டிக்கர் பற்றியும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அந்த இயந்திரத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே ஆள் வந்து சோதித்துவிட்டுப் போனார், காகிதம் அலுவலகத்தில் இருக்கிறது, ஸ்டிக்கரை மாற்றத்தான் மறந்துவிட்டார்கள் என்றார். கேட்டிருந்தால் காட்டியிருப்பார். நான் கேட்கவே இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை குளுவாங்குக்குப் போனேன். இவரோடு சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரிடம் இரண்டு பெடலிலும் தனித்தனியாக அளக்கும் மீட்டர் உண்டு. "எடுத்துட்டுப் போங்க அண்ணி, அண்ணன் மறுபடி ரோட்ல ஓட்டுற வரைக்கும் வெச்சிக்குங்க," என்று கழற்றிக் கொடுத்தார். எடைக்கல்லுக்கு மறுபடி கேட் பாஸ் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இந்தப் பெடல்களை மாட்டி, இந்த முறை இரண்டு பக்கமும் எடை தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டும் சரி. அவரைக் கூப்பிட்டேன்.

வந்து ஏறினார். கிராங்கில் இருந்த பழைய மீட்டர் ஒரு திரையில், புதுப் பெடல்கள் என் கைபேசியில். மெதுவாக மிதிக்கச் சொன்னேன். பழைய மீட்டர் எண்பத்து நாலு காட்டியபோது, அதற்கு மேல் போகாமல் அங்கேயே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். என் கைபேசியில் இடது கால் நாற்பத்திரண்டு, வலது கால் ஐம்பத்தெட்டு. கூட்டினால் நூறு.

அந்த எண்பத்து நாலில் அவர் மிதித்தார். பன்னிரண்டு நிமிடம் போனது. பதினாறு போனது. எதிர் வீட்டு நாய் வந்து கேட்டில் மூக்கை நுழைத்தது, அதை அதட்டினார். இருபது போனது. பெடல் கொடுத்த நண்பர் இப்போது எவ்வளவு பருத்துவிட்டார் என்று மிதித்தபடியே என்னிடம் விசாரித்தார், சொன்னேன். அரை மணி ஆனதும் நான் கையைத் தூக்கினேன். அவர் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தார். தூணைப் பிடிக்கவில்லை.

ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டினேன். பழைய மீட்டர் நூறு காட்டிய நாள்களில் அவர் உண்மையில் மிதித்தது நூற்றுப் பத்தொன்பது. பெட்டி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது, நான்தான் பாதிக் கேள்வி கேட்டேன் என்று சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அவர் தாளைப் பார்க்கவில்லை.

"அப்ப இதயம் நல்லாதான் இருக்கு," என்றார்.

"நல்லாதான் இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ என்ன நெனச்ச?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "போயிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நான் ஒண்ணும் காட்டிக்கலியே."

"மீட்டர நான் முழுசா நம்பல மா," என்றார். "நீ ஒட்டுற பச்ச ஸ்டிக்கரெல்லாம் எனக்குப் பெரிசில்ல. எத்தன வருஷமாப் பாக்குறேன். ஆனா ஷூவ நடுவாசல்ல போட்டேன், நீ வாயே தொறக்கல. மறுநாள் வேணும்னே போட்டேன். எடுத்து வெச்சிட்டுப் போன. துண்டப் போட்டேன். உப்புக் கேட்டேன், போட்டுக் குடுத்த. நாலு வாரம் நீ என்ன ஒரு வார்த்த திட்டல. அப்பதான் எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு. முடிஞ்சிருச்சு போலன்னு."

நான் தாளை மடித்துக்கொண்டே நின்றேன். மடிக்க இனி இடமில்லாத அளவுக்கு மடித்துவிட்டேன்.

"இப்ப ஒரு தடவ திட்டு லா," என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.